நான்குமால்

காலமான அருள்சிகாமணிக்குப் பிள்ளை இல்லை.
புத்தளத்தில் உப்பளம் உண்டு,
மூன்று ஏக்கர் அறுபத்திரண்டு சென்ட்.
அப்பன் இரண்டாவது கட்டியவள் பெற்ற
தம்பி சத்தியநேசன் உண்டு.
ஒரே வயிற்றில் பிறந்து முந்திச் செத்த
இன்னொரு தம்பிக்கு ஒரு மகள், ஹெலன்பாய்.
மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர்.
நடுவில் நான், ஆதாரம் எழுதுகிறவள்,
லைசென்ஸ் எண் எழுதிய தகரத்துக்குக் கீழே.

இந்தக் கேஸை முன்பே படித்திருக்கிறேன்.
தபாலில் எம்.ஏ. வரலாறு, ஐரோப்பா பேப்பர்,
பதினைந்து மார்க் கேள்வி:
பிரிட்டனி வாரிசுப் போருக்கான காரணங்களை விவரி.
காரணம் தெரியும். பெயர்கள்தாம் காலை வாரின.
கோமகன் யோவான். மாற்றாந்தாய் பெற்ற தம்பியும் யோவான்.
அந்தத் தம்பியின் பெண்டாட்டி யோவான்னா.
கூடப்பிறந்த தம்பியின் மகளும் யோவான்னா.
தகப்பன் பெயர், கதவிலக்கம், ஆதார் நம்பர்
ஒன்றும் எழுதாமல்
எப்படி ஒரு நாட்டைக் கைமாற்றினார்களோ.
இரண்டு தடவை தோற்றேன்.

ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்று, ஏப்ரல் முடிகிறது.
கட்டிலைச் சுற்றிக் குருமாரும் குதிரைக்காரப் பிரபுக்களும்.
யாருக்கு எழுதுகிறீர் என்று கேட்டார்கள்.
நிம்மதியாக விடுங்கள்,
இதைச் சொல்லி என் ஆவியைக் கலக்காதீர்கள்
என்றானாம் கோமகன்.
பிறகு இருபத்து மூன்று வருஷம் வெட்டு, தீ, முற்றுகை.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் அருள்சிகாமணி
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துச் சொன்னது
ஹெலன்பாய்க்கும் கேட்டது, சத்தியநேசனுக்கும் கேட்டது:
"என்னெ இத்திரிநேரம் சும்ம விடுங்க, மக்களே."
எனக்கென்று சொன்னார் என்கிறார் இவர்.
எனக்கென்றுதான் என்கிறாள் அவள்.

பெண்வழி செல்லாது என்று முடிசூடிய பாரிஸ் அரசன்
பிரிட்டனியில் மட்டும் பெண்ணின் பக்கம் நின்றான்.
தாய்வழியாகவே பாரிஸின் முடியைக் கேட்ட அக்கரை அரசன்
இங்கே ஆணின் பக்கம்.
சிரிக்க வேண்டாம்.
நாகர்கோவில் கோர்ட்டில் திங்கட்கிழமை ஒன்றும்
வியாழக்கிழமை அதற்கு நேர் எதிரும்
ஒரே கறுப்புக் கோட்டு பேசிக் கேட்டிருக்கிறேன்.

சட்டம் இவர்களுக்குப் பாதி பாதி என்கிறது.
பாத்தி அப்படிப் பிரியாது.
தண்ணீர் ஏறும் வாய்க்கால் ஒன்று, வடியும் மடை ஒன்று,
மோட்டார் கொட்டகை ஒன்று.
பத்தொன்பது வருஷமாய் ஓட்டுவது சத்தியநேசன்.
ஹெலன்பாய் சாமித்தோப்பில்
வேறொருவர் அளத்தில் உப்பு சுமக்கிறாள்.

கடைசியில் அவள்தான் எழுதிக் கொடுக்கிறாள்.
விடுதலை ஆதாரம், தொகை ஆறு லட்சம்.
எழுதும்போது ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்:
"வருஷத்துக்கு ஒரு சாக்கு உப்பு,
அந்த அளத்திலிருந்து, நான் சாகிறவரைக்கும்.
விலைக்கில்லெ. சும்மா. எனக்குள்ளது."

அங்கேயும் முடித்தது உப்பு வாரும் ஊரில்தான்,
கெராந்த் என்று பெயர்.
தோற்ற யோவான்னா உரிமையை எழுதிக் கொடுத்தாள்,
சாகும்வரை கோமகள் என்ற பட்டத்தை மட்டும்
கொடுக்கவில்லை.
இது பாடத்தில் இருந்தது.
பரீட்சையில் நான் எழுத மறந்த வரி இதுதான்.

சொத்து விவரம் எழுதினேன்.
கிழக்கு, காயல் சேறு. தெற்கு, பொதுவழி.
மேற்கில் பனை நின்ற வரப்பு, வடக்கில் வாய்க்கால்.
அந்த ஒரு சாக்குக்கு எந்தப் பக்கம் எல்கை போட?
சப்-ரிஜிஸ்டிரார் கண்ணாடியைக் கழற்றி,
"இது என்னம்மா ஷரத்து?" என்றார்.
இருக்கட்டும் சார் என்றேன்.
சத்தியநேசன் ஒன்றும் பேசவில்லை.

கட்டைவிரல் வைக்கச் சொன்னார்கள்.
மெஷின் ஏற்கவில்லை. உப்பு தின்ற ரேகை.
சேலையில் துடைத்து வைத்தாள். மறுபடியும் சிவப்பு விளக்கு.
ஐந்து மணிக்கு இன்னும் இருபது நிமிஷம்.
வெளியே ஆடிக்காற்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது.
இடக்கை விரலை நீட்டினாள்.